எந்தப் பேரை எழுதப் போறீங்க

பேருன்னா எந்தப் பேரு தம்பி? மொதல்ல வெச்ச பேரா, கடைசியா வெச்ச பேரா? இல்ல, நடுவுல ஒண்ணு வெச்சாங்களே, அதா? ஊரு கூப்பிடற பேரு வேற தனியா ஒண்ணு இருக்கு. அதையும் எழுதணுமா?

எல்லாத்தையுமா! ஒரு எழுத்து விட்டுப்போனாக்கூட கல்யாண விலக்குச் சீட்டு செல்லாதா? அப்படியா சங்கதி. அப்ப அந்த மைக்கூட்டைக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு சௌகரியமா உக்காருங்க. என் பேரு ஒரு வாயில சொல்லி முடியற பேரு இல்ல. புதினா டீ போடறேன். வேணாம்னு சொல்லப்படாது, திபேரியாவுலேருந்து அவ்வளவு தூரம் பஸ்ஸுல மலை ஏறி வந்திருக்கீங்க.

சாட்சிங்களா? அவங்க ரெண்டு பேரும் முன் ரூமுல நல்லாத் தூங்கறாங்க. பின்ன, மூணு வகை மீன், குஸ்குஸ், பூசணிக்கா, அது மேல அராக் சாராயம். கழுதை கூட அதைச் சாப்பிட்டா படுத்துரும். தூங்கட்டும், பாவம், எழுப்பாதீங்க. ரப்பி பின்ஹாஸ் உள்ள எங்க வீட்டுக்காரரோடதான் இருக்காரு. படுக்கையில கெடக்கறவரு எங்க எழுந்து ஓடிடப் போறாரு?

சரி, பேருக்கு வரேன். மொதப் பேரு சுல்தானா. எழுதிக்கோங்க. இருங்க, இப்ப எழுதிடாதீங்க, முழுசாக் கேட்டுட்டு எழுதுங்க.

எங்க ஊரு செஃப்ரூ. மொராக்கோவுல. அங்கதான் அம்ராமுக்கு என்னைப் பாத்தாங்க. பாத்தாங்கன்னா எங்கப்பா வீட்டுக்கு வந்து பாத்தாங்கன்னு நெனைச்சுக்காதீங்க. அம்ராம் என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. தரகன்கிட்ட பேரை மட்டும் கேட்டாரு. சுல்தானான்னு சொன்னான். சுவத்தைப் பாத்துக்கிட்டு உதடு அசைய என்னமோ முணுமுணுத்தாரு. அப்புறம், முடிச்சுருங்கன்னுட்டாரு. ஏன்னு கேட்டா, சுல்தானாங்கற எழுத்தையெல்லாம் கூட்டினா நூத்தி அறுபது வருதாம். வெள்ளிங்கற வார்த்தையும் நூத்தி அறுபது. மரங்கற வார்த்தையும் நூத்தி அறுபது. வெள்ளி மாதிரி மின்னுவாளாம், மரம் மாதிரி காய்ப்பாளாம். எனக்கு ஒரு கண்ணு லேசா ஓரமா போகும், பாத்தீங்கல்ல? அதுக்கு எண் இல்ல போலருக்கு. கல்யாணத்தன்னைக்கு முக்காட்டைத் தூக்கிப் பாத்தவரு திரும்ப எறக்கி விட்டுட்டாரு. கணக்குப் போட்டுட்டமே, என்ன பண்றது!

நீங்க எழுதறவரு, உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? நம்ம எபிரேய எழுத்துல அலெஃப்னா ஒண்ணு, பெத்னா ரெண்டு, அப்படியே போயி கடைசி எழுத்து நானூறு. ரெண்டு வார்த்தைக்கு ஒரே கூட்டுத்தொகை வந்துட்டா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒறவு. கெமாத்ரியான்னு பெரிய மனுஷங்க சொல்லுவாங்க. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுன்னு நான் சொல்லுவேன். அதுலயும் ஒரு தில்லுமுல்லு இருக்கு பாருங்க. கூட்டி ஒண்ணு கொறைஞ்சுபோச்சுன்னு வைங்க. விட்டுருவாங்களா? வார்த்தைக்குன்னு ஒண்ணு சேத்துக்கலாமாம், சட்டத்துல எடமிருக்காம். கசாப்புக் கடைக்காரன் தராசுத் தட்டுல கட்டை வெரலை வெச்சு நிறுப்பானே, அந்தச் சட்டம்தான்.

சிரிக்கறீங்க. சிரிங்க. அவரு பேரு அம்ராம். முந்நூத்தி அம்பது. புத்திங்கற வார்த்தையும் முந்நூத்தி அம்பது. இதை அவரு சொல்லாத ஆளு இந்த சஃபேத்துல இல்ல. பால்காரன்கிட்ட சொல்லுவாரு, தபால்காரன்கிட்ட சொல்லுவாரு. ஆனா புத்திக்கு எபிரேயத்துல வர்ற அந்த மூணு எழுத்தையே கொஞ்சம் மாத்தி உச்சரிச்சீங்கன்னா பிள்ளையப் பறிகொடுக்கறதுன்னு அர்த்தம். அதை மட்டும் யாருகிட்டயும் சொல்ல மாட்டாரு. நான்தான் ஒருநாள் அடுப்பு முன்னால உக்காந்து கண்டுபிடிச்சேன். ஆமா, எனக்கும் கணக்கு வரும். பின்ன, அவரு கூட்டிக்கிட்டே இருந்தா வீட்டுல ஒருத்தியாவது கழிக்க வேணாமா?

இந்த ஊருக்கு வந்ததும் அதே கணக்குலதான். கப்பல்லேருந்து எறங்கினதும் ஆபீஸர் கேட்டான், பீர்ஷெபா போறீங்களா, சஃபேத் போறீங்களான்னு. பீர்ஷெபாவுல வேலை இருக்கு, வீடு இருக்கு. இவரு கப்பல் துறையிலயே நின்னு கண்ண மூடிக்கிட்டாரு. சஃபேத், ஐந்நூத்தி எழுபது. செல்வம்னு வேதத்துல இருக்கற மாதிரி எழுதினா அதுவும் ஐந்நூத்தி எழுபது. போதாதா? மூட்டையத் தூக்குன்னுட்டாரு. வந்து சேந்தா, கூரை ஒழுகற ஒத்தை ரூம், குளிருன்னா அப்படி ஒரு குளிரு. ஈரத் துணியப் புழிஞ்சுக்கிட்டே நான் யோசிச்சுப் பாத்தேன். செல்வங்கற அதே மூணு எழுத்தைப் பின்னாலேருந்து படிச்சா பொல்லாதவன்னு வருது. போயி அவருகிட்டச் சொன்னேன். தொப்பிய மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டாரு.

ஆனா ஊருல அவருக்கு மவுசு இருந்துச்சு தம்பி, இல்லேன்னு சொல்லிட முடியாது. சம்பந்தம் பேசணுமா, அம்ராம். கடைக்குப் பூட்டு வாங்கணுமா, அம்ராம். ஒரு தடவ ஜெபக்கூடத்துல பாடம் சொல்றப்ப, மேசியாவும் முந்நூத்தி அம்பத்தெட்டு, பாம்பும் முந்நூத்தி அம்பத்தெட்டு, இதுல பெரிய ரகசியம் இருக்குன்னு விளாசித் தள்ளிட்டாரு. அந்த வாரமே கெரகம், ஜெபக்கூட முற்றத்துல நெசமாவே ஒரு பாம்பு வந்துருச்சு. அடிக்கப் போன ஆளை இவரு கையப் பிடிச்சுத் தடுக்கறாரு. எல்லாரும் சுத்தி நின்னு சங்கீதம் பாடறாங்க. பாம்புக்கு! அது பாட்டுக்கு வெயில் காயுது. நான் தண்ணி எடுத்துட்டு அந்தப் பக்கம் போனவ பாத்தேன். தொடப்பத்தால வாரி மதிலுக்கு அந்தாண்ட வீசிட்டேன். அன்னையிலேருந்து ரொம்ப நாளு, வரவேண்டிய மேசியாவ வெரட்டி விட்டவன்னுதான் எனக்குப் பேரு. அந்தப் பேரைச் சீட்டுல எழுத வேணாமில்ல?

சரி, சரி. ரெண்டாவது பேரு. யோகெபேத்.

அதுக்குக் காரணம் ஊருல ஒண்ணு சொல்லுவாங்க, நான் ஒண்ணு சொல்லுவேன். ஊரு சொல்றது இது. எனக்கு மொதக் கரு நிக்கல. அஞ்சாம் மாசம் போயிடுச்சு. நான் வலியில சுருண்டு கெடக்கேன், இவரு ஜன்னலண்ட நின்னு உதட்டை அசைக்கறாரு. குறைப்பிரசவங்கற வார்த்தைக்கும் நூத்தி அறுபதாம். வெள்ளியும் மரமும் தெரிஞ்ச மனுஷனுக்கு இது இத்தன நாளாத் தெரியலையான்னு நான் கேக்கல. கேக்கத் தெம்பில்ல. பேரால வந்த வினை, பேரை மாத்தணும்னாரு. சபை கூடி மாத்தினாங்க. இது ஊரு சொல்றது.

நான் சொல்றது வேற. அப்ப எங்களோட அவரு தம்பி நிசீம் இருந்தான். கூடவேதான் கப்பல்ல வந்தான். வாயாடின்னா வாயாடி, ஆனா தங்கமான பய. எனக்குத் தண்ணி தூக்கித் தருவான், கத்திய சாணை பிடிச்சுத் தருவான். ஒரு சனிக்கிழமை சாப்பாட்டுல இவரு பாட்டுக்கு நூத்தி அறுபது, நூத்தி அறுபதுன்னு என் பேரை எதோ விருந்தாளிகிட்ட வியாக்கியானம் பண்ணிட்டு இருக்காரு. நிசீம் கோழிக் காலைக் கடிச்சுக்கிட்டே சொல்றான், அண்ணே, நிசீம்னு கூட்டிப் பாத்தியா, எனக்கும் நூத்தி அறுபதுதான் வருது, தரகன் அட்ரஸ் மாத்திக் கொடுத்துட்டானோ என்னமோன்னு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவரு மட்டும் சிரிக்கல. நெசமாவே கூட்டிப் பாக்கறாரு தம்பி, மேஜைக்குக் கீழ வெரல் ஓடுது! தம்பிக்கும் பொண்டாட்டிக்கும் ஒரே எண். வேற எவனுக்காவது இது பெருசாப் படுமா? அதுக்கப்புறந்தான் குறைப்பிரசவம், அதுக்கப்புறந்தான் பேரு மாத்தல். நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

ஏன் யோகெபேத்துன்னா, வேதத்துல அம்ராமுக்குப் பொண்டாட்டி யாரு? யோகெபேத். அவளுக்குப் பொறந்தது யாரு? மோசே. லேசுப்பட்ட ஆசையா! அதுலயும் யோகெபேத்துக்கு நாப்பத்திரெண்டு, அம்மாங்கற வார்த்தைக்கும் நாப்பத்திரெண்டு. ஊரெல்லாம் போயி அவரே சொல்லிட்டு வந்தாரு. காய்க்காரன் என்னைப் பாத்தா, வாம்மா நாப்பத்திரெண்டுன்னுதான் கூப்பிடுவான். அதான் நான் சொன்ன ஊருப் பேரு. அதைத்தான் எழுதணுமான்னு கேட்டேன். யோசிச்சு வைங்க.

அம்மா ஆனேனான்னா, இல்ல. இன்னொண்ணும் போச்சு. அப்ப நான் அவருகிட்டச் சொன்னேன், இல்லாமன்னு ஒரு வார்த்தை இருக்கே, அதைக் கூட்டுங்கன்னேன். கூட்டினாரு. நாப்பத்திரெண்டு. அம்மாவும் நாப்பத்திரெண்டு, இல்லாமையும் நாப்பத்திரெண்டு. எழுந்து போயி விறகு ஒடைச்சாரு. தேவைக்கு மேலயே ஒடைச்சாரு. அந்தக் குளிர்காலம் பூரா எங்களுக்கு விறகுப் பஞ்சமே இல்ல.

இந்தாங்க, எள்ளு பிஸ்கோத்து. டீயில நனைச்சுக்கோங்க, கொஞ்சம் கெட்டியா இருக்கும்.

என்ன ரப்பி? ... ஆமா, ஆமா, பேருதான் சொல்லிட்டு இருக்கேன்! ரெண்டு பேரு முடிஞ்சுது! ... இதோ ஆச்சு! தலகாணிய அவருக்குக் கொஞ்சம் ஒசத்தி வைங்க, இடது பக்கம் சாய்க்காதீங்க!

எங்க விட்டேன்? ஹாயா. மூணாவது பேரு. எனக்கு டைபாய்டு வந்துச்சு. ஆஸ்பத்திரியில கைய விரிச்சுட்டாங்க. சாகக் கெடக்கறவங்களுக்கு உயிருன்னு பேரு சேக்கறது நம்ம வழக்கந்தானே, எமன் பழைய பேரைக் கூப்பிட்டுத் தேடிட்டுத் திரும்பிப் போயிடுவானாம். ஹாயான்னா உயிரு. மிருகம்னும் அர்த்தம் இருக்கு, அதே எழுத்துதான், எதுக்கும் நீங்க உயிருன்னே நெனைச்சு எழுதுங்க. ஆனா ஒண்ணு தம்பி, கிண்டல் பண்ணினாலும் நெசத்தைச் சொல்லணும். அந்தப் பேரை ரப்பிதான் வெச்சாரு, அம்ராம் இல்ல. அம்ராம் அப்ப கணக்கே போடல. கூட்டவும் இல்ல, முணுமுணுக்கவும் இல்ல. கரண்டி கரண்டியா எனக்குக் கஞ்சி ஊத்தினாரு. என் முடியெல்லாம் கொட்டிப்போச்சு, தலையத் தொடைச்சு விட்டாரு. மலஜலம் எல்லாம் அவருதான் எடுத்தாரு. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க நாங்க பாத்துக்கறோம்னு வந்தப்ப கதவையே தெறக்கல மனுஷன். நான் பொழைச்சு எழுந்து உக்காந்து மொத நாளு ரொட்டி கேட்டேன் பாருங்க, உடனே, ஹாயான்னா இருபத்திமூணு, சந்தோஷங்கற வார்த்தைக்கும் இருபத்திமூணுன்னு ஆரம்பிச்சுட்டாரு. ரொட்டியத் தூக்கி அவரு மேலயே எறிஞ்சேன்.

நிசீமா? அவன் இப்ப உங்க ஊருலதான் இருக்கான். திபேரியாவுல, ஏரிக்கரையில மீன் வியாபாரம். உங்களுக்குத் தெரியுமா? ஓ, அவங்கிட்டத்தான் மீன் வாங்குவீங்களா. எடை சரியாப் போடறானா? போடுவான், நல்லவன்தான். எங்க ரெண்டு பேரையும் தவிர எல்லாருக்கும் நல்லவன்.

அந்தப் பகை எப்படி வந்துச்சுன்னா, அவனுக்கு ஒரு பொண்ணு நிச்சயம் ஆச்சு. அஹூவான்னு பேரு. பேருக்கேத்த மாதிரியே பிரியமான பொண்ணு, கன்னத்துல குழி விழும். நிசீம் கிறுக்குப் பிடிச்சு அலைஞ்சான். நிச்சய விருந்துல நாப்பது அம்பது பேரு உக்காந்திருக்கோம். பொண்ணோட அப்பா கிண்ணத்தைத் தூக்கி வாழ்த்தறாரு. மாப்பிள்ளையோட அண்ணன் ரெண்டு வார்த்தை பேசணும்னு யாரோ ஒரு புண்ணியவான் எழுப்பி விட்டுட்டான். நான் மேஜைக்குக் கீழ காலை மிதிக்கறேன், சட்டையப் பிடிச்சு இழுக்கறேன், கேட்டாரா? அஹூவா, பத்தொம்பதுன்னாரு. எல்லாரும் ஆவலாப் பாக்கறாங்க. எல்லாத்தையும் பறிகொடுத்துச் சாம்பல்ல உக்காந்தானே யோபு, அவன் பேருக்கும் பத்தொம்பதுன்னாரு. எதிரிங்கற வார்த்தைக்கும் பத்தொம்பதுன்னாரு. சொல்லிட்டு, பாடம் நடத்தி முடிச்ச மாதிரி உக்காந்து ஆலிவ் எடுத்து வாயில போட்டுக்கறாரு!

வேணும்னு செஞ்சாரா, வாய் தவறிச் செஞ்சாரா, எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அந்த நூத்தி அறுபது உள்ள கெடந்து அரிச்சுதோ என்னமோ. கேட்டா, எழுத்து சொன்னதை நான் சொன்னேம்பாரு. பொண்ணோட அம்மா அழ ஆரம்பிச்சா. அப்பா பலகாரத் தட்டை அப்படியே எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அஹூவாவ ஹைஃபாவுல யாருக்கோ கட்டிக் கொடுத்துட்டாங்க. நிசீம் இன்னைக்கு வரைக்கும் கல்யாணம் பண்ணிக்கல.

அன்னைக்குச் சாயந்திரம் இதே வாசப்படியில நின்னுதான் அவன் சொன்னான். அண்ணே, உனக்குப் பிள்ளை இல்ல, நீ போயிட்டா உன் பொண்டாட்டி எனக்குக் கட்டுப்பட்டவ. விடுதலை கேட்டு, என் செருப்பை அவுக்க எங்கிட்டத்தான் வந்து நிக்கணும். வரட்டும். நான் காலை நீட்ட மாட்டேன். சாகற வரைக்கும் நீட்ட மாட்டேன். அப்பத் தெரியும் உனக்கு எது பத்தொம்பதுன்னு. சொல்லிட்டு மூட்டையத் தூக்கிட்டு எறங்கிப் போனவன்தான்.

நம்ம யூதச் சட்டம் உங்களுக்கே தெரியும். பிள்ளை இல்லாம புருஷன் செத்தா, கொழுந்தன் அவளைக் கட்டிக்கணும்; வேணாம்னா சபைக்கு வரணும், அவ குனிஞ்சு அவன் செருப்பு வாரை அவுக்கணும், அவன் முன்னால துப்பணும், அப்பத்தான் அவளுக்கு விடுதலை. அந்தத் துப்பறது எனக்குப் பிரச்சினை இல்ல, மனசாரத் துப்புவேன். ஆனா அவன் வரலேன்னா? சாகற வரைக்கும் வேற யாரையும் கட்டிக்க முடியாது. எனக்கு இந்த வயசுல இன்னொரு கல்யாணமா நடக்கப் போகுது! அவரு சொல்றாரு, அதுக்கில்ல, ஒருத்தன் வாசல்ல நீ கெஞ்சிக்கிட்டு நிக்கக்கூடாதுன்னு. நான் கண்ண மூடறதுக்குள்ள உன்னை விலக்கி விட்டுட்டா நீ யாருக்கும் கட்டுப்பட்டவ இல்லன்னு. பேசவே மூச்சு வாங்குது, அதுலயும் விடாம ரப்பிக்கு ஆள் அனுப்பி, உங்களை வரவழைச்சு, உங்க முன்னால எழுதுன்னு தன் வாயால சொல்லிட்டாரு. டாக்டர் நேத்து வந்துட்டு என்ன சொன்னாருன்னு ரப்பி உங்களுக்குச் சொல்லியிருப்பாரு. நெஞ்சு பூரா நீர்.

எல்லாம் சரிதான். நல்ல கணக்குதான். அவரு ஆயுசுல போட்ட கணக்குலயே தப்பில்லாத கணக்கு இதுதான். ஆனா ஒண்ணு சொல்லுங்க. நீங்க எழுதி, சாட்சிங்க கையெழுத்துப் போட்டு, அவரு அந்தச் சீட்டை என் கையில போட்ட நிமிஷத்துலேருந்து அவரு எனக்கு யாரு? அந்நிய ஆம்பளை. ஒரே கூரைக்குக் கீழ நாங்க தனியா இருக்கக்கூடாது. தொடக்கூடாது. ரப்பி சொல்றாரு, என்னை என் சித்தி மக வீட்டுல விட்டுருவாங்களாம், சபை ஆளுங்க மொறை வெச்சு அவரைப் பாத்துக்குவாங்களாம். எவன் பாத்துக்குவான்? இடது பக்கம் ஒருக்களிச்சா அவருக்கு மூச்சு முட்டும்னு எத்தன தடவ சொல்லியாச்சு, இப்பக்கூட ரப்பிக்குக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கு. உதடு அசைஞ்சா தண்ணி கேக்கறாரா, கூட்டறாரான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியும்.

தெரியும் தம்பி. ராத்திரியே போயிட்டாருன்னா நான் திபேரியாவுக்குத்தான் போகணும். போறேன். நிசீம் காலை நீட்டலேன்னா மீன் கூடைக்குப் பக்கத்துலயே உக்காந்துக்கறேன், எத்தன நாளைக்கு நீட்டாம இருப்பான்? உள்ள இருக்கறவருக்கு இது தெரிய வேணாம். எழுத்தர் கவனமாப் பேரு விசாரிக்கறாரு, அதான் தாமசம்னு சொல்லிக்கறேன். கவனமா இருக்கறது அவருக்குப் பிடிக்கும்.

அந்த எறகுப் பேனாவை எத்தன தடவைதான் சீவுவீங்க? நான் பேச ஆரம்பிச்சப்பலேருந்து பாக்கறேன், சீவறீங்க, மொனையப் பாக்கறீங்க, திரும்பச் சீவறீங்க. இப்ப பென்சில் கட்டை மாதிரி ஆயிடுச்சு. ம்... நல்லா இருங்க தம்பி.

அடடா, வெளிய பாருங்க. எதிர் வீட்டுச் சுவத்துல வெயிலே இல்ல. பொழுது சாஞ்சா நம்ம கணக்குல தேதி மாறிடுமில்ல, இனிமே எழுதினா சீட்டு செல்லாதே? ரப்பி! ... பொழுது போயிடுச்சு ரப்பி, என்ன பண்றது, பேரு அத்தனை! ... நீங்க மையை மூடுங்க, காஞ்சிடப் போகுது. சாட்சிங்களைத் தட்டி எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க, படியில எறங்கறப்ப கையப் பிடிச்சுக்கோங்க, சாராயம் இன்னும் எறங்கியிருக்காது. நாளைக்குக் கொஞ்சம் நேரம் கழிச்சே வாங்க. எங்கம்மா என்னைச் சின்ன வயசுல ஒரு செல்லப் பேரு வெச்சுக் கூப்பிடுவா. அதைச் சொல்லவே ஒரு மத்தியானம் ஆகும்.